ரொமான்டசி: மாயமும் காதலும் கலந்த நாவல்களை முதல்முறை வாசிப்பவருக்கு

சிங்கப்பூரின் ஆர்ச்சர்ட் சாலைப் புத்தகக் கடைகளில் ஆங்கில நாவல்கள் இருக்கும் பக்கம் போனால் ஒரு மேசை மட்டும் தனியாகத் தெரியும். ஒவ்வொரு புத்தகமும் 500, 600 பக்கம். அட்டையில் வாள், கிரீடம், முள்கொடி, டிராகன். பக்க விளிம்புகளில்கூடக் கருப்பும் பொன்னுமாக வண்ணம் பூசியிருப்பார்கள். எம்ஆர்டி ரயிலில் தொடக்கக்கல்லூரி மாணவிகள் முதல் அலுவலகம் போகும் அக்காமார் வரை கையில் வைத்திருப்பதும் பெரும்பாலும் இந்த வகைதான். பெயர் ரொமான்டசி. ரொமான்ஸையும் ஃபேன்டசியையும் ஒட்டிச் செய்த சொல். 2024ல் ஆக்ஸ்ஃபர்டு, காலின்ஸ் இரண்டு அகராதிக்காரர்களுமே அந்த ஆண்டின் சொல்லுக்கான இறுதிப் பட்டியலில் இதைச் சேர்த்தார்கள்.

எங்கள் வாசிப்புக் குழுவில் இதைப் பற்றிப் பேச்சு வந்தபோது ஓர் அண்ணன் கேட்டார்: “அம்புலிமாமாவில் வந்த கதையெல்லாம் கடைசியில் இளவரசியைக் கல்யாணம் பண்ணித்தானே முடியும்? அப்போ அதுவும் ரொமான்டசியா?” நியாயமான கேள்வி. பதில், இல்லை. காதல் எங்கேயோ ஓர் ஓரத்தில் வருவதால் மட்டும் ஒரு மாயக்கதை ரொமான்டசி ஆகிவிடாது.

அடையாளம் காண எளிய சோதனை ஒன்று உண்டு. கதையிலிருந்து முதலில் காதலை எடுத்துப் பாருங்கள். அப்புறம் காதலைத் திருப்பி வைத்துவிட்டு மாயத்தை எடுத்துப் பாருங்கள்.

ஏழு கடல் தாண்டி, கிளிக்குள் உயிரை ஒளித்து வைத்திருக்கும் அரக்கனைக் கொன்று இளவரசியை மீட்கும் கதையில், அவள் இருக்கும் இடத்தில் ஒரு புதையல் பெட்டியை வைத்தாலும் கதை அப்படியே ஓடும். அவளுக்கு இவனைப் பிடித்திருக்கிறதா என்று யாரும் கேட்கவில்லை. அது ஃபேன்டசி, காதல் அங்கே வெறும் பரிசு. இன்னொரு பக்கம், நாயகன் இருள் தேசத்து அரசன் என்று சொல்லிவிட்டுக் கதையைத் தொடங்குகிறார்கள். ஆனால் அந்த அரண்மனையை ராஃபிள்ஸ் பிளேசில் ஓர் அலுவலகமாகவும் அவனை அதன் முதலாளியாகவும் மாற்றினால் ஒரு வசனத்தைக்கூடத் திருத்த வேண்டியிருக்காது. அது வேஷம் கட்டிய குடும்ப நாவல். ரொமான்டசியில் எதை உருவினாலும் கதை சரிய வேண்டும். மாயம் இல்லாவிட்டால் இவர்களுக்குள் இந்தச் சிக்கல் வந்திருக்காது. இவர்கள் காதலிக்காவிட்டால் அந்த மாய உலகத்தின் கதியும் மாறியிருக்காது.

இந்தச் சோதனையில் முழு மதிப்பெண் வாங்கும் கதை ஒன்று தமிழில் பல நூறு ஆண்டுகளாக இருக்கிறது. புகழேந்தியின் நளவெண்பா. அன்னம் தூது வருகிறது. நளனை நேரில் பார்க்காமலேயே தமயந்தி அவனை மனத்தில் வரித்துவிடுகிறாள். சுயம்வர மண்டபத்திலோ இந்திரன், அக்கினி, யமன், வருணன் நால்வரும் நளன் உருவத்தில் வந்து உட்கார்ந்துகொள்கிறார்கள். எதிரே ஐந்து நளன்கள், அவள் கையில் ஒரு மாலை. ஒருவனுக்கு மட்டும் கண் இமைக்கிறது. அவன் பாதம் மட்டும் தரையில் படிகிறது. அவன் சூடிய மாலை மட்டும் வாடியிருக்கிறது. தேவர்களுக்கு இமைக்காது, பாதம் மண்ணில் தோயாது, மாலை வாடாது. சாகக்கூடியவன், களைக்கக்கூடியவன் என்ற அடையாளத்தை வைத்தே அவள் தன் ஆளைக் கண்டுபிடிக்கிறாள். மாய உலகத்தின் விதி ஒன்றே காதலைச் சோதிக்கும் கருவியாகவும் வேலை செய்கிற இப்படி ஒரு காட்சி அமைந்துவிட்டால் போதும், இன்றைய ரொமான்டசி எழுத்தாளருக்கு மூன்று பாகம் எழுதும் தெம்பு வந்துவிடும்.

அப்புறம் தமயந்தி தனக்குக் கிடைக்காத கோபத்தில் கலி என்ற தீய தேவன் நளனைப் பிடிக்கிறான், சூதில் நாடு போகிறது, காட்டில் பிரிகிறார்கள், கார்க்கோடகன் என்ற பாம்பு கடித்து நளனின் உருவம் மாறுகிறது, வாகுகன் என்ற பெயரில் சமையல்காரனாக ஒளிந்திருப்பவனைத் தமயந்தியே தேடிப் பிடிக்கிறாள், சேர்கிறார்கள். கலியை எடுத்துவிட்டால் பிரிவு இல்லை. தமயந்தி நளனைத் தேர்ந்தெடுக்காவிட்டால் கலிக்குக் கோபம் வரவே காரணம் இல்லை. இரண்டும் ஒன்றையொன்று இறுக்கிப் பிடித்திருக்கின்றன.

“சேர்கிறார்கள்” என்றேனே, அது இன்னொரு நிபந்தனை. ரொமான்ஸ் என்று அட்டையில் போட்டால் காதலர்கள் கடைசியில் மகிழ்ச்சியாகச் சேர வேண்டும், குறைந்தது சேர்வார்கள் என்ற நம்பிக்கையாவது மிஞ்ச வேண்டும். வாசகருக்கும் எழுத்தாளருக்கும் நடுவில் எழுதாத ஒப்பந்தம் இது. நாயகியைக் கடைசிப் பக்கத்தில் சாகடித்துவிட்டு ‘காவியக் காதல்’ என்று சொன்னால் இந்த வாசகர்கள் விடமாட்டார்கள். முடிவு தெரிந்த கதையில் என்ன சுவை என்று கேட்பவர்கள் உண்டு. துப்பறியும் நாவலில் கொலைகாரன் பிடிபடுவான் என்று தெரிந்தேதானே ராத்திரி 2 மணிவரை விழித்திருந்து வாசிக்கிறோம்? எப்படிச் சேர்வார்கள், அதற்காக யார் எதை இழப்பார்கள் என்பதில்தான் இங்கேயும் கதை இருக்கிறது.

இந்த நிபந்தனையில் தோற்றுப்போகும் கதைக்கு நம் ஊரிலேயே ஓர் உதாரணம் உண்டு. செஜாரா மெலாயு என்ற பழைய மலாய் நூலில் வருகிறது. ராஜா சுலான் என்று ஓர் அரசன் (சில படிகளில் ராஜா சூரான்). பெயரிலேயே சோழ வாடை அடிக்கிறது. சீனாவின்மீது படையெடுக்கப் புறப்பட்டு தெமாசெக் (சிங்கப்பூரின் பழைய பெயர்) வரை வந்துவிடுகிறான். சீனர்கள் ஒரு கப்பலில் பல் போன கிழவர்களையும் துருப்பிடித்த ஊசிகளையும் காய்த்த பழமரங்களையும் ஏற்றி அனுப்புகிறார்கள். “புறப்பட்டபோது நாங்கள் இளைஞர்கள், இந்த ஊசிகள் இரும்புத் தடிகள், இந்த மரங்கள் வெறும் விதைகள். அவ்வளவு தூரம்” என்கிறார்கள் கிழவர்கள். அவன் நம்பித் திரும்பிவிடுகிறான். சீனா கிடைக்காவிட்டால் என்ன, கடலுக்கு அடியில் என்ன இருக்கிறது என்று பார்ப்போம் என்று கண்ணாடிப் பெட்டி செய்து அதில் இறங்குகிறான். கடலடி அரசனின் மகளை மணக்கிறான், மூன்று மகன்கள் பிறக்கிறார்கள். பிறகு மேலே தன் ராஜ்ஜியம் என்னாகுமோ என்ற கவலை வந்து, பறக்கும் கடற்குதிரை ஒன்றில் ஏறிக் கிளம்பிவிடுகிறான். அவள் கடலடியிலேயே இருந்துவிடுகிறாள். சிங்கப்பூரை நிறுவியதாகச் சொல்லப்படும் சாங் நீல உத்தமா இந்த வம்சத்தில் வந்தவர் என்பது நூல் சொல்லும் கதை.

மாயம் இருக்கிறது, கல்யாணமும் இருக்கிறது. ஆனாலும் இது ரொமான்டசி ஆகாது. நூலுக்கு வேண்டியது வம்சம். அந்தப் பெண்ணின் மனசு பற்றி அதற்கு அக்கறை இல்லை. இதையே இன்று ரொமான்டசியாக எழுதினால் அவன் குதிரையில் ஏறும் இடத்தில் கதை தொடங்கும், அவள் பார்வையில் நடக்கும், அவன் திரும்பி வந்து மன்னிப்புக் கேட்காமல் முடியாது. யாராவது எழுதினால் முதல் ஆளாக வாங்குவேன்.

சரி, இப்போதைய அலைக்கு வருவோம். இதற்கு அடித்தளம் போட்டவர்களில் முக்கியமானவர் அமெரிக்க எழுத்தாளர் சாரா ஜே. மாஸ். 2015ல் தொடங்கிய அவருடைய ‘எ கோர்ட் ஆஃப் தார்ன்ஸ் அண்ட் ரோசஸ்’ தொடர், பிறகு டிக்டாக்கில் வாசகர்கள் புத்தகங்களைப் பற்றி அழுதும் சிரித்தும் காணொளி போடத் தொடங்கியபோது இன்னொரு சுற்று பறந்தது. 2023ல் ரெபெக்கா யாரோஸின் ‘ஃபோர்த் விங்’ வந்ததும் இந்த வகையைக் கண்டுகொள்ளாமல் இருந்தவர்களும் திரும்பிப் பார்த்தார்கள். அந்தத் தொடரின் மூன்றாம் பாகம் 2025 ஜனவரியில் வெளியாகி முதல் வாரத்திலேயே 2.7 மில்லியன் பிரதிகளுக்கு மேல் விற்றது.

‘ஃபோர்த் விங்’ எப்படி வேலை செய்கிறது என்று கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்க்கலாம். (கதையின் நடுப்பகுதி வரை சொல்லப்போகிறேன், வேண்டாதவர்கள் அடுத்த பத்திக்குப் போய்விடலாம்.) வயலட் ஏட்டுப் படிப்புக்குத் தயாரானவள், எளிதில் எலும்பு பிசகும் உடம்பு. படைத்தலைவியான அம்மா அவளை டிராகன் வீரர்கள் பயிலும் பிரிவில் சேர்த்துவிடுகிறாள். அங்கே மூத்த மாணவன் ஸேடன். அவனுடைய அப்பா கலகத் தலைவர். அவருக்கு மரண தண்டனை நிறைவேற்றியது வயலட்டின் அம்மா. இதுவரை பார்த்தால் பழைய குடும்பப் பகைதான். ஆனால் அந்த உலகத்தில் டிராகன்தான் தன் வீரரைத் தேர்ந்தெடுக்கும், தேர்ந்தெடுத்தால் இருவர் உயிரும் பிணைந்துவிடும். வயலட்டைத் தேர்ந்தெடுத்த டிராகனும் ஸேடனின் டிராகனும் ஜோடி. அவை ஒன்றைவிட்டு ஒன்று நெடுநாள் பிரிந்திருக்க முடியாது. ஆகவே, ஒருவர் முகத்தில் ஒருவர் விழிக்க விரும்பாத இந்த இரண்டு பேரும் டிராகன்களின் தயவால் சந்தித்துக்கொண்டே இருந்தாக வேண்டும். ஒருவர் செத்தால் மற்றவருக்கும் ஆபத்து. உரைநடை எனக்குச் சுமார்தான், போர்க்கல்லூரி மாணவர்கள் சில இடங்களில் நம்ம ஊர் ஆர்ச்சர்ட் சாலைப் பிள்ளைகள் மாதிரியே பேசுகிறார்கள். ஆனால் அந்த ஜோடி டிராகன் ஏற்பாடு கெட்டிக்காரத்தனமானது. சோதனையில் தேறிவிடுகிறது.

இந்த வாசகர்கள் பேசுவதைக் கேட்டால் புதியவருக்குத் தலை சுற்றும். கதைச்சுருக்கமே சொல்ல மாட்டார்கள். ‘பகைவர்கள் காதலர் ஆகிறார்கள், மெதுவாகப் பற்றுகிறது, ஒரே கட்டில்’ என்று மூன்று துண்டாகச் சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள். ட்ரோப் என்று இவற்றைச் சொல்கிறார்கள். புத்தகக் கடைகளே இப்போது ட்ரோப்பை அட்டையில் எழுதி ஒட்டுகின்றன. திரும்பத் திரும்ப ஒரே சங்கதியா என்று சலிப்பு வரலாம். அகத்திணை படித்த நமக்கு அந்தச் சலிப்பு வரக்கூடாது. மழைக்காலத்து மாலை, முல்லைப்பூ என்று பாட்டு தொடங்கியதுமே ஒருத்தி காத்திருக்கிறாள் என்று தெரிந்துவிடும். பாலை என்றால் பிரிவு, மருதம் என்றால் ஊடல். நூற்றுக்கணக்கான பாட்டுகள் அதே களத்தில். புலவர் அதற்குள் எந்த ஒரு காட்சியைப் புதிதாகக் காட்டினார் என்றுதான் பார்த்தார்கள். ட்ரோப்பையும் அப்படிப் பார்த்தால் எந்த எழுத்தாளர் தேறுவார், எவர் தேறமாட்டார் என்பது 50 பக்கத்தில் தெரிந்துவிடும்.

‘ஒரே கட்டில்’ என்பது பயணத்தில் விடுதிக்கு வந்தால் ஓர் அறை, ஒரு கட்டில் மட்டும் காலியாக இருக்கும் நிலைமை. நளன் கதையில் அவன் உடையைப் பறவை தூக்கிக்கொண்டு போய், இரண்டு பேரும் ஒரே ஆடையைச் சுற்றிக்கொண்டு காட்டில் நடப்பார்கள். அதற்கு முன்னால் இந்த ஒரே கட்டில் எம்மாத்திரம்! அந்த ஆடையைப் பாதியாக அரிந்துகொண்டுதான் நளன் அவளை விட்டுப் போகிறான் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

எனக்கு ஒத்துவராத ட்ரோப் ஒன்று உண்டு: விதி சேர்த்துவைத்த ஜோடி. பார்த்த கணத்தில் உடம்புக்குள் ஏதோ கயிறு இழுக்கும், இவன்தான் என்று பிரபஞ்சமே சொல்லிவிடும். தலைவனும் தலைவியும் எதிர்ப்படுவது ஊழின் ஆணையால் என்று தொல்காப்பியமும் சொல்கிறது, முன்ஜென்மக் காதலைச் சினிமாவில் பார்த்துப் பார்த்து வளர்ந்தவர்கள் நாம். அதனால் நம்மவர்களுக்கு இது சட்டென்று பிடித்துப்போகும். ஆனால் சந்திக்க வைப்பதோடு விதி நின்றுகொள்ள வேண்டும். பிடிக்க வைப்பது எழுத்தாளர் வேலை. அந்த வேலையை விதியிடம் ஒப்படைத்துவிட்ட நாவல்களில் 300 பக்கம் தாண்டியும் இவளுக்கு அவனிடம் என்ன பிடித்தது என்று நமக்குத் தெரியாது.

இருண்ட நாயகன் என்று அடுத்த சங்கதி. கொலை செய்திருப்பான், மிரட்டுவான், அவளிடம் மட்டும் உருகுவான். பிரதிலிபியில் தமிழ்த் தொடர்கதை வாசிப்பவர்களுக்கு விளக்கமே வேண்டாம், ‘ஆன்டி ஹீரோ கதை’ என்று அங்கே தனி ரசிகர் கூட்டம் இருக்கிறது. அங்கே எழும் அதே கேள்விதான் இங்கேயும்: அவன் செய்யும் கொடுமைக்குக் கதை கணக்குக் கேட்கிறதா, இல்லை சோகமான பால்யம் ஒன்றைக் காட்டிக் கணக்கைத் தள்ளுபடி செய்கிறதா? மாய உலகம் என்பதால் தள்ளுபடி சுலபம். சாபம் என்று ஒரு வார்த்தை போதும். நல்ல நாவல்களில் நாயகி அந்தச் சாபத்தைப் புரிந்துகொள்வாள், ஆனால் அதற்காகப் பொறுத்துப் போக மாட்டாள்.

பெற்றோர்களுக்கு ஒரு வார்த்தை. இந்தப் புத்தகங்களின் அட்டை அழகாகவும் பிள்ளைகளுக்கானது போலவும் இருக்கும். உள்ளே படுக்கையறைக் காட்சிகள் விலாவாரியாக இருக்கலாம். வாசகர்கள் இதைக் காரம் என்றே சொல்கிறார்கள். ஒரு மிளகாய் முதல் ஐந்து மிளகாய் வரை படம் போட்டு மதிப்பிடுவார்கள். மேலே சொன்ன சாரா ஜே. மாஸின் தொடர் முதலில் இளையர் நூலாக வந்து, 2020ல் புதிய அட்டையோடு பெரியவர்களுக்கான நூலாக மாறியது. அதனால் பழைய பிரதியை வைத்து முடிவு செய்யக் கூடாது. உயர்நிலைப் பள்ளிப் பிள்ளை கேட்டால் தடுப்பதைவிட நூலகத்தில் எந்தப் பிரிவில் வைத்திருக்கிறார்கள் என்று பார்த்துவிட்டுச் சேர்ந்து முடிவெடுப்பது நல்லது. மிளகாய் அதிகம் என்பதால் நாவல் மட்டம் என்றும் இல்லை. காட்சி முடிந்தபின் அந்த இருவருக்குள்ளும் ஏதாவது மாறியிருந்தால் அந்தக் காட்சிக்கு வேலை இருந்தது என்று அர்த்தம்.

மாயத்துக்கு வருகிறேன். என்னைப் பொறுத்தவரை ஒரு ரொமான்டசி நல்லதா என்று தீர்மானிப்பது இதுதான். மந்திரத்துக்கு ஒரு விலை இருக்க வேண்டும், அந்த விலை காதலில் போய்க் கைவைக்க வேண்டும். கற்பனையாக ஒன்று சொல்கிறேன். காயம் ஆற்றும் சக்தி உள்ளவள், ஒவ்வொரு முறை ஆற்றும்போதும் தன் நினைவு ஒன்றை இழப்பாள் என்று வையுங்கள். போர் வருகிறது. எதிரே நூறு பேர் காயம்பட்டுக் கிடக்கிறார்கள், அவளிடம் மிஞ்சியிருப்பது அவனைப் பற்றிய நினைவுகள். இப்போது அவள் ஒரு சிப்பாயின் தோளில் கைவைத்தாலே அது காதல் காட்சி. அண்மையில் வந்த பல நாவல்களில் இந்த இறுக்கம் இல்லை. நாயகிக்குத் திடீரென்று அளவற்ற சக்தி வருகிறது, எதிரிகள் சாம்பலாகிறார்கள், அடுத்த அத்தியாயத்தில் விருந்து. முதல் பாகத்தில் கட்டிய விதிகளை மூன்றாம் பாகத்தில் ஆசிரியரே மறந்துவிடுவதும் உண்டு. வருடத்துக்கு ஒரு பாகம் கேட்டு விரட்டினால் அவர்கள்தான் என்ன செய்வார்கள்.

இனி எதில் தொடங்குவது? சிங்கப்பூரில் வளர்ந்தவர்களுக்கு என் பரிந்துரை, மலேசியாவில் பிறந்த சூ லின் டானின் ‘டாட்டர் ஆஃப் த மூன் காடஸ்’ (2022). மூன்கேக் விழாவின்போது பள்ளியில் சொல்லித்தருவார்களே, நிலவில் தனித்திருக்கும் சீனத் தேவதை சாங் அ, அவளுக்கு ஒரு மகள் இருந்தால் என்ற கற்பனை. அம்மாவை மீட்க வில் பயிலும் மகள், அம்மாவைத் தண்டித்த விண்ணுலகப் பேரரசரின் மகன்மீதே அன்பு வைக்கிறாள். காரம் குறைவு, மொழி நிதானம். இந்திய வாடை வேண்டும் என்றால் தாஷா சூரியின் ‘த ஜாஸ்மின் த்ரோன்’ (2021). அண்ணனால் பாழடைந்த கோவிலில் சிறைவைக்கப்பட்ட இளவரசி மாலினிக்கும், சக்தியை மறைத்து வேலைக்காரியாக இருக்கும் பிரியாவுக்கும் இடையே முளைக்கும் காதல். உலக ஃபேன்டசி விருது வாங்கிய நாவல். நம் சோதனையை வைத்தால் இது எல்லைக்கோட்டில் நிற்கும். காதலை எடுத்தாலும் அந்தப் பேரரசு அரசியல் ஓரளவு தாக்குப்பிடிக்கும். ரொமான்ஸ் என்றாலே முகம் சுளிப்பவர்களுக்கு அதனாலேயே இது நல்ல தொடக்கம்.

வாசிக்கும்போது முதல் பக்கத்து வரைபடத்தைக் கண்டு பயப்பட வேண்டாம், யாரும் அதை மனப்பாடம் செய்வதில்லை. பெயர்களை உங்களுக்கு வந்தபடி உச்சரித்துக்கொள்ளுங்கள். அத்தியாயத்தின் தலைப்பில் ஆளின் பெயர் இருந்தால் அந்த அத்தியாயம் அவர் சொல்வதாக ஓடும் என்று அர்த்தம். பல நாவல்களில் அவளும் அவனும் மாறி மாறிச் சொல்வார்கள். கைக்காசு போடுமுன் நூலக வாரியத்தின் மின்னூல்களை லிபி செயலியில் தேடலாம், பேர்போன தலைப்புகளுக்கு வரிசையில் காத்திருக்க வேண்டிவரும். பிராஸ் பசா காம்ப்ளெக்ஸின் பழைய புத்தகக் கடைகளிலும் ஒரு சுற்று வரலாம்.

தொடர் முடிந்துவிட்டதா என்று மட்டும் முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். யாரோஸின் தொடர் ஐந்து நூல்களாகத் திட்டமிடப்பட்டது; 2025ல் வந்தது மூன்றாவதுதான், அதுவும் அந்தரத்தில் நிறுத்திவிட்டுப் போகும் ரகம். சூ லின் டான் எழுதிய நிலவு மகளின் கதை இரண்டே நூல், இரண்டாவதும் 2022லேயே வந்துவிட்டது. காத்திருக்கப் பொறுமை இல்லாதவர்கள் அதிலிருந்து தொடங்கலாம்.